இவ்ளோதானா?

காணும் பொங்கலன்று பழவேற்காடு ஏரிக்கரையில் வேனை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, தென்காசியிலிருந்து வந்திருந்த என் சகலை கேட்டார்: “என்ன சகல, இவ்ளோதானா?”

எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி அது. வடக்கே பார்த்தால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. ஒரு மாநிலத்துக்குள் அடங்காத ஏரியைப் பார்த்து ‘இவ்ளோதானா’ என்று கேட்பதற்குத் தனி மனசு வேண்டும். அவருக்கு அது பிறவியிலேயே அமைந்திருக்கிறது. பொங்கல் போய், தெருவில் கிடந்த கரும்புச் சக்கையைப் பேரூராட்சி வண்டி வாரிக்கொண்டும் போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, புளியோதரை கட்டி, பிள்ளைகளைத் தூக்கத்தோடு வேனில் ஏற்றி, இருநூறு கிலோமீட்டர் போவதே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வருவதற்குத்தான். கேட்டு முடித்ததும் மனசு நிறைந்துவிடும். அப்புறம் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற பேச்சு வந்துவிடும்.

இதில் பல வகை உண்டு. முதல் வகையினர் வண்டியை விட்டு இறங்காமலே கேட்பார்கள். ஏசி போய்விடுமோ என்று கண்ணாடியைக் கால்வாசிதான் இறக்குவார்கள். அந்த நாலு விரற்கடைச் சந்தில் மூக்கை மட்டும் நீட்டி, மலையோ கடலோ கோயிலோ கோட்டையோ எதுவானாலும், “இவ்ளோதானா? சரி சரி, வண்டியத் திருப்பு” என்பார்கள். தரையை மிதிக்காமலே இந்தியா முழுவதையும் பார்த்து முடித்தவர்கள் இவர்கள்.

இரண்டாவது வகை, ஏறி வந்து கேட்பவர்கள். திருத்தணி மலைக்கு 365 படி. நாளுக்கு ஒன்றாக வருஷத்துக்குக் கணக்கு. அத்தனையும் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உச்சியில் நின்று கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. உழைத்துச் சம்பாதித்த கேள்வி. ஆனால் மேலே வரைக்கும் ரோடு போட்டாயிற்று. காரில் வந்து இறங்கியவரும் அதே பெருமூச்சை விட்டு அதையேதான் கேட்கிறார். அவருக்கு எதற்குப் பெருமூச்சு?

மூன்றாவது வகை, போனில் பார்த்துவிட்டு வந்தவர்கள். “போன்ல பெரிசா இருந்துச்சே!” படம் எடுத்தவன் ட்ரோனை முந்நூறு அடி உயரத்துக்கு அனுப்பி, சூரியன் சரியாக இறங்கும் நேரம் பார்த்து, கலரைக் கொஞ்சம் கூட்டி எடுத்திருப்பான். நமக்குக் கண் இருப்பது தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். வந்து சேர்ந்ததோ உச்சி வெயிலில். அந்தக் கோபத்தை ஏரி மேல் காட்டினால் ஏரி என்ன செய்யும்?

நாலாவது வகை, கணக்கு வைப்பவர்கள். டீசல், டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடி, வழியில் குடித்த டீ எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, அந்தத் தொகைக்கு இந்தக் கடல் பெறுமா என்று பார்ப்பவர்கள். பெறாது. எந்தக் கடலும் பெறாது.

ஐந்தாவது வகை வாயே திறக்காது. பெரும்பாலும் மாமியார் வயதுக்காரர்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு “ம்” என்பார்கள். அந்த ‘ம்’முக்குள் தாஜ்மகாலே அடங்கிவிடும்.

ஊருக்கு ஊர் தொனியும் மாறும். மதுரைக்காரர் “இம்புட்டுத்தானா?” என்று நேரடியாகச் சண்டைக்கு வருவார். கோவைக்காரர் “இவ்வளவுதானுங்களா?” என்று மரியாதை குறையாமல் அவமானப்படுத்துவார். சென்னைக்காரர் கேட்கவே மாட்டார். அதற்குள் வண்டியில் ஏறியிருப்பார். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுக்காரர், “இட்ஸ் ஓகே, நல்லாத்தான் இருக்கு” என்பார். இருப்பதிலேயே கொடுமை அதுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் மூன்று கடலும் கூடும் இடத்தில், எது எந்தக் கடல் என்று தெரியும்படி தண்ணீரில் ஏதாவது கோடு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். கோடு இல்லை. கேட்டேன். ஆக்ராவில் மட்டும் நான் கேட்கவில்லை, மனைவி முந்திக்கொண்டாள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் ராக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் விட்டால் கும்மிடிப்பூண்டியில் மொட்டை மாடிகள் நிறைந்துவிடும். 2023 ஜூலை 14, மதியம் 2.35. சந்திரயான்-3. கொடிக்கயிற்றில் காய்ந்த துணியை ஒதுக்கிவிட்டுத் தெருவே மாடியில் நின்றது. வடகிழக்கில் ஒரு வெளிச்சப் பொட்டு கிளம்பியது, பின்னால் வெள்ளையாக ஒரு புகைக்கோடு, மேகத்துக்குள் போனது. அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. பக்கத்து மாடியிலிருந்து, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரல் வந்தது. நிலாவுக்குப் போகிறதய்யா அது! மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர்! கூடவே ஓடிப்போய் முழுவதையும் பார்த்திருக்க வேண்டியதுதானே?

ஒரேயொரு ஆறுதல், இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. புராண காலத்திலேயே கேட்டாகிவிட்டது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கிளம்பியதில் சுந்தரருக்குக் கண்பார்வை போயிற்று. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து சிவபெருமானிடம் பார்வையைக் கேட்டார். கிடைத்தது ஊன்றுகோல் ஒன்று. கண் கேட்டவருக்குக் கோல்! அந்தக் கோலைக் கோபத்தில் வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. சுந்தரர் வாய்விட்டு என்ன சொன்னாரோ, வீச்சில் ‘இவ்ளோதானா’ இருக்கிறது. அவராவது நியாயமாகக் கேட்டார். பாவம் நந்தி, உள்ளூர்க்காரராக இருந்ததற்குத் தண்டனை. வெளியூரார் ஏமாற்றத்துக்கெல்லாம் உள்ளூர்க்காரர்தான் கொம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதுதான் என் நிலைமையும். பொங்கலன்று சாயங்காலம் சகலை மொட்டை மாடிக்கு வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். “உங்க ஊர்ல பாக்கதுக்கு என்னதான் இருக்கு சகல?” என்றார். இந்த வாக்கியத்தில் அந்த ‘தான்’ இருக்கிறதே, அதற்காகவே ஒருவரை ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் படுக்க வைக்கலாம். மேற்கே கைகாட்டி, “அங்க மேகம் நல்லா தெரண்டிருக்கு. மழை வருமோ?” என்றார். மேகமில்லை, சிப்காட் என்றேன். கொடியில் பொங்கலுக்கு எடுத்த அவருடைய வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் தோள்பட்டையில் மிளகுப் பொடி அளவுக்குக் கரும்புள்ளிகள். தட்டிவிட்டார். தட்டிய இடத்தில் புள்ளி கோடாக நீண்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தார். கோடு படமானது. எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு முறை உண்டு: தொடக் கூடாது, உதறவும் கூடாது, வாயால் ஊத வேண்டும். இந்த ஊரில் குடித்தனம் வந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். எந்தப் புகைபோக்கியின் உபயம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அங்கேதான் எங்கோ சம்பளம் வருகிறது.

அவர் கட்டியிருந்த கைலியைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. “சகல, மலேசியாவுல இன்னைக்கும் இந்தக் கைலிக்குப் பழவேற்காட்டுப் பேரைத்தான் வெச்சிருக்காங்க. நெய்து கப்பல்ல அனுப்புன ஊர் அது” என்று ஆரம்பித்தேன். “அப்படியா, அங்க கைலி மலிவாக் கிடைக்குமா?” என்றார். நெசவு போய் எத்தனையோ காலமாகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

உண்மையில் கும்மிடிப்பூண்டியில் பார்ப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஊரில் இருக்கிற நாங்களே அதிகம் வெளியில் சொல்லுவதில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். பழவேற்காட்டை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

பழவேற்காட்டில் முதலில் பூநாரை. தை மாதம் ஏரிக்குள் ஆயிரக்கணக்கில் நிற்கும். பல இடங்களில் ஏரி இடுப்பளவு ஆழம்தான். சேற்றில் நடந்துகொண்டே தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டிச் சாப்பிடும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது தொலைவில் வெளிறிய ஒரு கோடு. சகலை நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். “இது கொக்குல்லா?” என்றார். அவர் பையன் போனில் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கப் பெரிதாக்கப் பறவை போய்க் கட்டம் கட்டமாக வந்தது. “அப்பா, இது கொக்குகூட இல்லப்பா” என்றான். அந்த நேரம் பார்த்து எதற்கோ பயந்து கூட்டம் மொத்தமும் எழும்பியது. இறக்கை விரிந்தால்தான் உள்ளே இருக்கும் ரோஜா நிறமும் கறுப்பு ஓரமும் தெரியும். ஒரு நொடி வானத்தில் அந்த நிறம் புரண்டது. இரண்டு பேரும் அப்போது குனிந்து போனில் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே பறவைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு சூளூர்ப்பேட்டையில் பிளமிங்கோ திருவிழா நடத்துகிறது. ஒரே ஏரி, ஒரே பறவை. அங்கே மேடை போட்டால் திருவிழா, இங்கே நாங்கள் காட்டினால் கொக்கு.

“படகுல உள்ள போயி கிட்டக்கப் பாக்கலாம்லா?” என்றார். போகக் கூடாது. 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிலிருந்து சுற்றுலாப் படகுக்குத் தடை. அதைச் சொன்னதும் சகலை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்றைய நாளில் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே பகுதி அது. அப்புறம், “எங்க பாபநாசம் டேமுல முந்தி படகு உண்டும்” என்று ஆரம்பித்துவிட்டார்.

அடுத்தது டச்சுக் கல்லறை. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைநகரம் இதுதான். துணி போனது, வெடிமருந்து செய்தார்கள், அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது கருவேல முள். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் தூண்கள். உள்ளே பழைய டச்சு எழுத்தில் பெயரும் குடும்பச் சின்னமும் வெட்டிய பலகைக் கற்கள். கடல் கடந்து வந்து, காய்ச்சலில் கிடந்து, இங்கேயே படுத்துவிட்டவர்கள். அவர்களில் ஒருவனாவது கப்பலை விட்டு இறங்கியதும் ‘இவ்ளோதானா’ என்று கேட்டுத் திரும்பிப் போயிருந்தால் தமிழ்நாட்டுச் சரித்திரப் பாடத்தில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். கேட்கவில்லை. வியாபாரத்துக்கு வருகிறவன் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எதைப் பார்த்தாலும் அவனுக்கு ‘இவ்வளவா!’தான்.

சகலையின் பையன் இரண்டு எலும்புக்கூட்டுக்கும் நடுவில் நின்று விரலால் வி காட்டிப் படம் எடுத்துக்கொண்டான். என் மனைவியின் அக்கா உள்ளேயே வரவில்லை. பண்டிகை நாளில் யாராவது சுடுகாட்டுக்குக் கூட்டிப் போவார்களா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நண்டு மட்டும்தான் காப்பாற்றியது. கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பச்சை நண்டு இருந்தது. கொடுக்கு இரண்டையும் கயிற்றால் கட்டி வரிசையாக வைத்திருந்தார். சகலை கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றையும் தூக்கி, புரட்டி, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கட்டு கொஞ்சம் நழுவிய ஒன்று அவர் சுண்டு விரலைப் பிடித்தது. விடவில்லை. அந்த அம்மா நிதானமாக, “கீழ வெச்சீங்கன்னா அதுவா வுட்டுடும்ண்ணா. இழுத்தீங்கன்னா விரலு வராது” என்றார். கீழே வைத்தார், விட்டது. விலை கேட்டபோது சொன்ன தொகைக்கு மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். பழவேற்காடு மொத்தத்திலும் அவரைப் பார்த்து ‘இவ்ளோதானா’ என்று கேட்டிருக்கக்கூடியது அந்த நண்டு ஒன்றுதான்.

மறுநாள் பூண்டி. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழி. அதற்கு முன்னால் அக்காவின் கட்டாயத்தில் சிறுவாபுரி முருகன். சொந்த வீடு வேண்டுகிறவர்கள் வரும் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் நெடுஞ்சாலை முனையிலிருந்தே வண்டி நகராது. மற்றக் கிழமையிலும் இப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. முருகனிடம் மனு கொடுத்துவிட்டு வெளியே வந்தால் வழியெல்லாம் மனைப்பிரிவு விளம்பரம். தவணை முறையில் வரம் தர ஆள் நிற்கிறார்கள். அக்கா துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பார்த்த இடங்களில் அவருக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

பூண்டி நீர்த்தேக்கத்தைக் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்ட மெட்ராஸ் மேயராக இருந்த சத்தியமூர்த்தி பாடுபட்டார்; 1943-இல் அவர் காலமானார், 1944-இல் அணை முடிந்தது. அதனால் சத்தியமூர்த்தி சாகர். நான் முன்னால் சொன்ன திருவெண்பாக்கம் கோயில் இந்த நீர்த்தேக்கத்துக்குள் போய்விட, கரையில் வேறு இடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். கொம்பொடிந்த நந்திக்கு இடமும் போயிற்று. மொத்தக் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, உயரம் 35 அடி. தண்ணீர் நிறையவே இருந்தது. சகலை மதகுப் பக்கம் கைகாட்டி, “தண்ணி தொறந்து விடலியா? விழுந்தால்லா பாக்க நல்லாருக்கும்?” என்றார். அவருக்குத் தண்ணீர் என்றால் மேலேயிருந்து கீழே விழ வேண்டும். நின்றால் அது தண்ணீரில்லை. ஐயா, இது குளிக்கிற தண்ணீர் இல்லை, சென்னைக்காரர் குடிக்கிற தண்ணீர். இங்கே நிற்பதால்தான் அங்கே குழாயில் வருகிறது.

பக்கத்திலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரிகள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்தார்; அதே வருஷம் வில்லியம் கிங்கோடு இங்கே அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். ஓடைக்கரையில் கிடந்த கல்லைக் கையிலெடுத்து, இது தானாக உடைந்ததில்லை, யாரோ உடைத்தது என்று கண்டுகொண்ட மனிதர். பின்னால் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, அந்தக் கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-இல் எழுதினார்கள். பதினைந்து லட்சம்! நாம் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் தெரியாதவர்கள். பையன் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான். “மாமா...” என்று ஆரம்பித்தவன் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, திருத்திக்கொண்டு, “சித்தப்பா, கல்லு மட்டும்தானா? டைனோசர் இல்லையா?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவன் அப்பா, “எங்க ஊர் ஆத்துல இதவிடப் பெரிய கல்லு கிடக்கு” என்று முடித்துவிட்டார்.

குடியம் குகைக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. காட்டுக்குள் கரடுமுரடில் கல்லும் முள்ளுமாக நடக்க வேண்டும். முடிவில் ஆதிமனிதன் ஒதுங்கிய பெரும் பாறைக் குடைவு வரும். அங்கே நின்று அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் நான் திரும்பி வந்திருக்க மாட்டேன், அல்லது சகலை வந்திருக்க மாட்டார். திருவாலங்காட்டையும் விட்டுவிட்டேன். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்று திருஞானசம்பந்தர் ஆலங்காட்டுக்குள் கால் வைக்கவே தயங்கி வெளியில் தங்கினாராம். நம் ஆட்கள் வேனைக் கொடிமரம் வரைக்கும் விட முடியுமா என்று கேட்பார்கள்.

“சென்னைப் பக்கம் அருவி இருக்குன்னு போன்ல போட்டிருந்தானே, தடான்னு?” என்றார். இருக்கிறது. உப்பலமடுகு. அதுவும் ஆந்திராவில். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு வட்டாரம் அந்தப் பக்கம் போனது. ஆக, 365 படிக்கட்டு எங்களுக்கு. அருவி உள்ள மலை அவர்களுக்கு. தென்காசிக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

ஆனால் எனக்கு உள்ளே எரிவது வேறு. பூண்டித் தண்ணீர் சென்னைக்கு. சோழவரம் சென்னைக்கு. 2020-இல் எங்கள் வட்டத்திலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை என்று புதிதாக ஒரு நீர்த்தேக்கம் திறந்தார்கள், அதுவும் சென்னைக்கு. அத்திப்பட்டில் இருக்கும் அனல்மின் நிலையத்துக்கு வடசென்னை என்று பெயர். எங்கள் மண்ணில் கிடந்த கல்லுக்குப் பள்ளிப் புத்தகத்தில் மெட்ராஸ் மரபு என்று பெயர். தண்ணீரும் போகிறது, கரண்டும் போகிறது, பெயரும் போகிறது. கம்பி போகிறது, டயர் போகிறது. காலையில் எடுக்கிற மீன்கூடக் காசிமேட்டுப் பக்கம் போய் அங்கத்து மீனாகத்தான் விற்கிறது. போகாமல் எங்களோடு தங்கிவிடுவது சட்டை மேல் விழும் அந்தப் புள்ளி மட்டும். இத்தனையும் எடுத்துக்கொண்டுபோன பிறகு, ஒரு நாள் லீவில் வந்து இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பாக்கதுக்கு என்னதான் இருக்கு என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அதையெல்லாம் சகலையிடம் சொல்ல வேண்டும் என்று ஊத்துக்கோட்டை தாண்டும்போது வாயெடுத்தேன். அதற்குள் பின் சீட்டில் நெருக்கடி. அக்கா என் மனைவியின் காதில் ஏதோ சொல்ல, அவள் என்னைப் பார்க்க, நான் டிரைவரைப் பார்க்க, வண்டி வேகமெடுத்தது. இந்த வட்டாரத்துக்கு எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறார்கள். பெண்டு பிள்ளைகளோடு போகிறவருக்குத் தேவையான வரைபடத்தை மட்டும் யாரும் போடவில்லை. பறவை பார்க்க இங்கே நில்லுங்கள், படம் எடுக்க அங்கே நில்லுங்கள் என்று எழுதுகிறவர்கள், ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள் என்று ஒரு வரி எழுதியதுண்டா? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். பதினைந்து லட்சம் வருஷ சரித்திரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவர் எதை ரசிப்பார்?

கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பின்பக்கம் கழிப்பறை. வெள்ளை டைல்ஸ், கதவில் உள்தாழ்ப்பாள், குழாயைத் திருகினால் தண்ணீர், கயிறு போட்டுக் கட்டாத பிளாஸ்டிக் மக்கு. எல்லோரும் போய்விட்டு வந்தார்கள். அக்காவின் முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. கடைசியாகச் சகலை கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “பரவால்லியே சகல! ரொம்ப நல்லா வச்சிருக்காம்லா” என்றார். நின்ற இடத்திலேயே போனை எடுத்து அந்தப் பங்க்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். பூண்டிக்கு மூன்று போட்டிருந்தார். பழவேற்காட்டுக்கு இரண்டு, காரணமும் எழுதியிருந்தார்: கொக்கு தூரத்தில் நிற்கிறது.

சரி, கும்மிடிப்பூண்டியில் பார்க்க ஓர் இடம் என்று சொன்னேனே. பைபாஸில் இறங்கி சிப்காட் ரோட்டில் திரும்ப வேண்டும். திரும்பினால்தானே? திருப்பத்தில் இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரி. கம்பி ஏற்றிய லாரியில் கம்பி வாலை விட்டு எட்டடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். அந்தத் துணியும் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததுதான், இப்போது ரோட்டு நிறம். ராத்திரி வண்டியில் வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? டிரைவர் லாரிக்குக் கீழே அடுப்பு மூட்டிச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பான். அவனைச் சொல்லி என்ன, அவனுக்கும் ஒதுங்க இடமில்லை. லாரி நிறுத்த ஓர் இடம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, பேசிப் பார்த்தாயிற்று. நடுரோட்டுக் குழியில் தண்ணீர் வேறு. மழை நின்று எத்தனை நாளாகிறது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது ஏன் பச்சையாக இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா? மணி இப்போது ஒன்றே முக்கால். இன்னும் கால் மணியில் ஷிப்ட் விட்டுவிடும். கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, பைக் எல்லாம் ஒன்றாக வந்து அந்தத் திருப்பத்தில் முட்டிக்கொள்ளும். அதற்குள் நான் போய்க் கறிவேப்பிலையும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கி வந்தாக வேண்டும். மிச்சத்தை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.